கன்று நடுவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு சிற்றாறு கடலில் விழுகிறது. கோடையில் அதன் வாய் மணல் அடைத்துக்கொள்ளும். அந்த முகத்துவாரத்தில் ஊர் இளைஞர்கள் சேர்ந்து 5,000 சுரபுன்னைக் கன்று நடலாம் என்றிருக்கிறோம். கடல் தண்ணீரிலேயே வளர்கிற மரம்தானே, நட்டுவிட்டால் போதுமா? இன்னொரு சுனாமி வந்தால் ஊரைக் காக்குமா?

நட்டுவிட்டால் போதாது. என்னைக் கேட்டால், இந்த ஆண்டு ஒரு கன்றுகூட நடாதீர்கள் என்பேன். உங்கள் உற்சாகத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை. நாற்றங்காலிலும் சேற்றிலும் பல வருடம் கழித்தவன் நான். ஊரே கூடி நட்ட கன்றுகள் அடுத்த சித்திரையில் கருகிக் குச்சிகுச்சியாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கன்றில் குறை இல்லை, நட்ட பிள்ளைகளின் உழைப்பிலும் குறை இல்லை. அந்த இடத்துக்குத் தண்ணீர் எப்போது வருகிறது, எப்போது போகிறது, எவ்வளவு உப்போடு நிற்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஒரு வருடம் தண்ணீரைப் பார்த்துவிட்டு நட்டால் 5,000 கன்றுக்குப் பதில் 500 போதும். மீதியை ஓதமே, அதாவது தினமும் ஏறி இறங்குகிற கடல்நீரே, கொண்டுவந்து ஊன்றிவிட்டுப் போகும்.

கடல் தண்ணீரிலேயே வளர்கிற மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாதிதான் உண்மை. இந்த மரங்கள் உப்பைப் பொறுத்துக்கொள்ளும். உப்பு வேண்டும் என்று கேட்பதில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் பாதிக்கும் குறைவான உப்புள்ள தண்ணீரில்தான் சுரபுன்னை போன்ற அலையாத்தி மரங்களின் கன்றுகளில் பெரும்பாலானவை செழித்து வளர்கின்றன. அதற்கு மேல் போகப்போக, வளர்வதற்குச் செலவிட வேண்டிய சக்தியை உப்பை விரட்டவே செலவிடும். சுரபுன்னை வேரிலேயே உப்பை வடிகட்டி, பெரும்பகுதியை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. வெண்கண்டல், அதாவது அவிசீனியா, உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. கோடையில் வெயில் ஏறிய பிறகு போய் அதன் இலையை விரலால் தடவிப் பாருங்கள், நெறநெறவென்று இருக்கும். நாக்கில் வைத்தால் சுத்தமான உப்பு. மழை பெய்த மறுநாள் அதே மரத்தின் இலையைத் தொட்டால் வழுவழுவென்று கழுவிவிட்டது போல் இருக்கும். நான் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். மரம் எவ்வளவு பாடுபட்டு நிற்கிறது என்று அந்த ஒரு இலை காட்டிவிடும்.

ஆக, இந்தக் காட்டுக்கு இரண்டு தண்ணீர் வேண்டும். கடலிலிருந்து ஏறி இறங்குகிற தண்ணீர் ஒன்று, ஆற்றிலிருந்து வருகிற நல்ல தண்ணீர் ஒன்று. பிச்சாவரம் நிலைத்து நிற்பது இந்த இரண்டும் அங்கே கிடைப்பதால்தான். வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேருகிறது, தெற்கே கொள்ளிடம் சேருகிறது, நடுவே சின்னவாய்க்கால் பக்கம் ஒரு திறப்பு. இந்த மூன்றுக்கும் இடையில் ஓடைகளும் திட்டுகளுமாகக் கிடக்கிறது காடு. 2022இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அங்கே சில ஓடைகளில் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகவே ஆகிவிடும். தையிலிருந்து உப்பு ஏறத் தொடங்கி, சித்திரை, வைகாசியில் கடலையே மிஞ்சிவிடும். காட்டின் வருடக் கணக்கு இதுதான்: இரண்டு மூன்று மாதம் உப்பைக் கழுவிக்கொள்வது, மீதி மாதங்களைத் தாக்குப்பிடிப்பது. காய்கள் பழுத்து விழுவதும் மழைக்காலத்தை ஒட்டித்தான். கீழே விழுந்த கன்று முதல் வேர் விடுகிற நாட்களில் உப்பு குறைவாக இருந்தால்தான் அது பிழைக்கும்.

இதனால்தான் "பல டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். டெல்டா விவசாயிக்குத் தண்ணீர் எவ்வளவு அருமை என்பது தெரியும். நானும் ஆற்றுப் பாசனத்தில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன்தான். ஆனால் கீழணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் போகிற தண்ணீர் வீண் இல்லை. அது வண்டலைக் கொண்டுபோகிறது, முகத்துவார மணலைத் தள்ளித் திறக்கிறது, காட்டின் உப்பைக் கழுவுகிறது, இறாலுக்கும் மீனுக்கும் வழி காட்டுகிறது. அந்தத் தண்ணீர் நின்றுபோனால் என்ன ஆகும் என்று பார்க்கச் சிந்து நதியின் கழிமுகத்தைப் பாருங்கள். 1955இல் கோட்ரி தடுப்பணை வந்தது. அதற்குப் பிறகு கடலுக்குப் போகிற ஆற்றுநீர் குறைந்துகொண்டே வந்து, ஒருகாலத்தில் எட்டு வகை அலையாத்தி மரங்கள் இருந்த இடத்தில் இன்று பெரும்பகுதி வெண்கண்டல் ஒன்றுதான். சுந்தரவனத்துக்கு அந்தப் பெயர் வந்தது சுந்தரி மரத்தால் என்பார்கள். நல்ல தண்ணீரை அதிகம் விரும்புகிற அந்த மரம், கங்கையின் கிளைகள் தூர்ந்து உப்பு ஏறிய மேற்குப் பகுதியில் அருகிப்போய்விட்டது. முத்துப்பேட்டையிலும் இதே கதைதான். காவிரியின் கடைமடைக் கிளைகளான கோரையாறு, பாமணியாறு போன்றவை வந்து சேர்கிற பெரிய காயல் அது. ஆனால் கடைமடைக்கு எட்டுகிற தண்ணீர் வருடத்தில் சில நாள்தான். காடு முழுக்க வெண்கண்டல், சுரபுன்னையைத் தேடத்தான் வேண்டும். உப்பு கூடக்கூட, அதைத் தாங்குகிற ஒரே மரம் மட்டும் மிஞ்சும்.

இனி கடல்நீர். ஓதம் ஏறினால் போதும் என்று நினைக்காதீர்கள், இறங்கவும் வேண்டும். ஓதம் வற்றிய நேரத்தில் வெண்கண்டல் மரத்தடியைப் பார்த்தால், சேற்றில் ஆணி அடித்து வைத்த மாதிரி விரல் தண்டிக்கு வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒரு மரத்துக்கே இப்படிப் பத்தாயிரத்துக்கு மேல் மூச்சுவேர்கள் இருக்கும். சேற்றுக்குள் காற்றே கிடையாது. தண்ணீர் வற்றிய அந்த சில மணி நேரத்தில் இந்த வேர்கள் காற்றை இழுத்துக் கீழே அனுப்புகின்றன. சுரபுன்னை இதையே வளைந்து இறங்குகிற தாங்குவேர்களின் மேலுள்ள சின்னச் சின்னத் துளைகள் வழியாகச் செய்கிறது. இந்த வேர்களைத் தண்ணீர் வாரக்கணக்கில் மூடி நின்றால் மரம் மூச்சுத் திணறிச் செத்துவிடும். உங்கள் ஊர் ஆற்றின் வாய் கோடையில் அடைத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, நான் அதிகம் யோசித்தது அதைப் பற்றித்தான். வாய் அடைத்தால் ஓதம் நின்றுவிடும். உள்ளே நிற்கிற தண்ணீர் வற்றி உப்பு ஏறும், அல்லது ஒரு கோடை மழையில் தேங்கி வேரை மூழ்கடிக்கும். எப்படிப் போனாலும் கன்றுக்குக் கேடு.

பிச்சாவரம் இதை நமக்கு ஒரு நூற்றாண்டுப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காகக் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கான துண்டுகளாக, பிரித்து, ஒவ்வொரு கூப்பையும் மொட்டையாக வெட்டினார்கள். சில வருடத்தில் தானாகத் துளிர்த்துவிடும் என்பது கணக்கு. துளிர்க்கவில்லை. நிழல் போனதும் வெயில் சேற்றை நேரடியாகக் காய்ச்சியது. ஈரம் போன மண் சுருங்கி, நடுவில் தாம்பாளம் மாதிரி பள்ளமாக இறங்கிவிட்டது. ஓதம் ஏறும்போது தண்ணீர் பள்ளத்துக்குள் வந்தது, வற்றும்போது வெளியேற வழி இல்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் வற்றி, உப்பு மட்டும் மிஞ்சியது. இப்படி வருடக்கணக்கில் சேர்ந்து, கோடையில் கடல்நீரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் உப்பு ஏறியது. அந்த இடத்தில் உப்பு மண்ணிலேயே வளர்கிற உமரிப் பூண்டுகூடத் திணறும். வெட்டாத பக்கத்தில் பசுங்காடு, வெட்டிய பக்கத்தில் பொட்டல். ரொம்ப காலம், மாடு மேய்ந்ததாலும் ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதாலும்தான் காடு அழிந்தது என்று பழி அந்தச் சனங்கள் மேல்தான் இருந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் சேர்ந்து இந்தப் பொட்டல்களைப் படித்துப் பார்த்தபோதுதான் கோளாறு பள்ளத்தில் இருப்பது தெளிவானது. மருந்தும் எளிதாக இருந்தது. பக்கத்து ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரிகிற சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். வாய்க்காலின் கரை செங்குத்தாக இருக்காது, சரிவாக இருக்கும். ஓதம் ஏறினால் தண்ணீர் கடைசி முள் வரைக்கும் போகும், வற்றினால் முழுசாக வடிந்துவிடும். ஒரு மழைக்காலம் போனதும் மண்ணின் உப்பு சரசரவென்று இறங்கியது. அதன் பிறகுதான் கன்று நட்டார்கள், அதுவும் சரிவின் நடுவில். அடிக்குப் போனால் கன்று மூழ்கும், மேலே போனால் காயும். இன்று அந்த இடங்களில் படகில் போனால் இங்கே ஒருகாலத்தில் வெறும் பொட்டல் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முத்துப்பேட்டையிலும், ஆந்திராவில் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும் இதே முறையைப் பின்பற்றினார்கள். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: இந்த வாய்க்கால்கள் தூர்ந்துகொண்டே இருக்கும். கன்று பிடித்து நிற்கும் வரையாவது தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். நட்டதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்ட ஓர் அமைப்பின் வாய்க்கால்களை நான் மூன்றாம் வருடம் போய்ப் பார்த்தேன். கணுக்கால் ஆழம்கூட இல்லை, கன்றுகளும் இல்லை.

நம் கரையில் ஓதத்தின் உயரம் ரொம்பக் குறைவு என்பதையும் மனசில் வையுங்கள். சுந்தரவனத்தில் தண்ணீர் பல மீட்டர் ஏறி இறங்கும். கடலூர், நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீட்டர்கூட முழுசாக இருக்காது. அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் எல்லா மரமும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் நடுகிற இடம் ஒரு சாண் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் போச்சு. இலங்கையில் சுனாமிக்குப் பிறகு நட்ட தோட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. சுமார் 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் பிழைத்தது 200 ஹெக்டேரை ஒட்டித்தான். தவறான உயரத்தில் நட்டது, தவறான மரத்தை நட்டது, நட்ட பின் திரும்பிப் பார்க்காதது, மாடு மிதித்தது என்று காரணங்கள் நமக்கும் பழக்கமானவைதான்.

தவறான மரம் என்றால் பெரும்பாலும் சுரபுன்னைதான், நீங்களும் அதைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். ஏன் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள் என்பது புரிகிறது. முருங்கைக்காய் மாதிரி மரத்தில் தொங்குகிறதே, அது காய் இல்லை. தாய்மரத்திலேயே முளைவிட்டு வளர்ந்த கன்று. பறித்துச் சேற்றில் குத்தினால் நின்றுவிடும், நாற்றங்கால்கூட வேண்டாம். ஆனால் அதற்கு உரிய இடம் ஓடையின் ஓரம், தண்ணீர் தினமும் வந்து போகிற இடம். அதற்குப் பின்னால் கொஞ்சம் மேடான, உப்பு கூடுதலான இடத்தில் வெண்கண்டல். இன்னும் உள்ளே, ஓதம் எப்போதாவது எட்டுகிற கரைப்பக்கம் தில்லை. ஆமாம், சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லைதான், கோயிலின் தல மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அந்த எச்சரிக்கை உண்மை. அரிவாள் வைக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வெட்டுவார்கள். தில்லைவனம் என்று பெயர் வாங்கிய ஊரில் இன்று அந்த மரத்தைக் காட்டில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். உங்கள் ஊர் மாதிரி வாய் அடைக்கிற முகத்துவாரத்தில் வெண்கண்டலும் தில்லையும்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

சுனாமிக்கு வருகிறேன். இதில் உங்களுக்கு மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த எம்.ஜி.ஆர். நகர், டி.எஸ். பேட்டை போன்ற குடியிருப்புகள் தப்பின. காட்டுக்கு முன்னால், கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டும் சின்னவாய்க்காலும் அழிந்தன, உயிர்கள் போயின. மறு ஆண்டே கடலூர் மாவட்டத்துக் கிராமங்களை ஒப்பிட்டு, அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்று ஆய்வுகள் வந்தன. பிறகு வேறு சிலர் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் கொஞ்சம் மேட்டிலும் இருந்தன, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என் கருத்து இது: பல நூறு மீட்டர் அகலத்துக்கு அடர்ந்து நிற்கிற காடு அலையின் வேகத்தைக் குறைக்கும், அடித்துவரும் மரத்தையும் படகையும் தடுத்து நிறுத்தும், மனிதர்கள் பற்றிக்கொள்ளக் கிளை கொடுக்கும். சங்கப் பாட்டில் கண்டல் வேலி என்று பாடியவர்கள் அதை ஊருக்கு வேலியாகவே பார்த்தார்கள். ஆனால் உங்கள் பிள்ளைகள் நடப்போகிற நாலு வரிசைக் கன்று சுனாமியைத் தடுக்கும் என்று ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பேச்சை நம்பி எச்சரிக்கை வந்தும் ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால், அந்தப் பாவத்தை நாம் சுமக்க முடியாது. புயலுக்கும் காடே அடி வாங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபோது முத்துப்பேட்டையில் முறிந்து கிடந்த மரங்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

காட்டினால் தினமும் கிடைக்கிற பலன் வேறு, அது இறாலும் மீனும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் வந்து, இந்த வேர்களுக்கு நடுவே உதிர்ந்த இலை மக்கிய சேற்றில் தின்று வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். கொடுவா, மடவைக் குஞ்சுகளும் இங்கேதான் ஒதுங்கி வளர்கின்றன. பிச்சாவரம் பக்கத்தில் இருளர் பெண்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, வலை இல்லாமல், சேற்றைக் கையால் தடவித் தடவியே இறால் பிடிப்பார்கள். ஓடைக்கு ஓடை எந்த மாதம் எவ்வளவு உப்பு கரிக்கும், எங்கே சேறு இறுகிவிட்டது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். உங்கள் ஊரிலும் கழியில் கைவைத்துப் பிழைக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் ஒரு கன்று நடாதீர்கள். அவர்கள் படகு கட்டுகிற இடத்திலும் மட்டி பொறுக்குகிற திட்டிலும் நட்டுவிட்டு, பிறகு பிடுங்கிவிட்டார்கள் என்று குறை சொல்லவும் கூடாது. மரமே இல்லாத சேற்றுத்திட்டு சும்மா கிடக்கிற இடம் இல்லை. குளிர்காலத்தில் உள்ளான் பறவைகள் வந்து மேய்வது அங்கேதான்.

பக்கத்தில் இறால் பண்ணை இருக்கிறதா என்றும் பாருங்கள். பண்ணைக் கழிவு விழுகிற வாய்க்காலும், பண்ணைக் கரை அடைத்த பழைய ஓடையும் நம் கடற்கரையில் நிறைய. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு சட்டம் பல மாற்றங்களைக் கண்டுவிட்டது என்றாலும், ஓடையை அடைப்பது பற்றி நீங்கள் புகார் கொடுக்க இடம் உண்டு. ஓர் அடைப்பை எடுத்துவிட்டால் நூறு கன்று நட்டதைவிடப் பலன் அதிகம் என்பது என் அனுபவம். நிலம் யாருடையது, காப்புக்காடா, புறம்போக்கா என்பதை வனத்துறையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டுவிட்டே மண்வெட்டியை எடுங்கள். முகத்துவார மணலை நீங்களே வெட்டித் திறக்க வேண்டாம். அது கரையின் போக்கையே மாற்றிவிடக்கூடும்.

சரி, இந்த ஒரு வருடம் என்ன செய்வது? வருகிற அமாவாசை அன்று ஓதம் உச்சத்தில் இருக்கும்போது தண்ணீர் தொட்ட எல்லையில் மூங்கில் குச்சி ஊன்றுங்கள். வற்றிய பிறகு அடி எல்லையில் இன்னொன்று. பௌர்ணமிக்கும், இடையில் அஷ்டமி நவமி வாக்கில் ஓதம் தளர்ந்திருக்கும்போதும் இதையே செய்யுங்கள். மாதம் இரண்டு முறை நாலைந்து இடத்தில் தண்ணீர் எடுத்து உப்பு பாருங்கள். ரெஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவிக்கு ஒரு சொட்டு போதும். ஒவ்வொரு இடத்திலும் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் புரட்டுங்கள். மேலே விரல் கனத்துக்குப் பழுப்பு, கீழே கன்னங்கரேல் என்று அழுகின முட்டை நாற்றம், இது இயல்பு. அந்தக் கருப்புக்குள் நண்டு வளைகளின் சுவர் பழுப்பாகத் தெரிந்தால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்மண் வெள்ளையாகப் பூத்துக் காலடியில் நொறுங்கினால் அங்கே முதலில் வாய்க்கால்தான் வேண்டும். மழை முடிந்ததும் கரையோரம் போய், ஓதம் ஒதுக்கிய காய்களில் எத்தனை தானாக முளைத்திருக்கின்றன, எந்த உயரத்தில் முளைத்திருக்கின்றன என்று எண்ணுங்கள். தானாகவே முளைத்து நின்றால் உங்கள் வேலை மாட்டை விலக்கி வேலி போடுவதோடு முடிந்தது.

ஆற்றின் வாய் எந்தத் தேதியில் அடைத்தது, எந்தத் தேதியில் திறந்தது என்பதை மட்டும் தவறாமல் எழுதி வையுங்கள். அடுத்த ஆடி வாக்கில் அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். எந்த வரியில் எந்த மரம், எத்தனை கன்று என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன் நாற்று தயாராகிவிடும்.